வட பெண்ணை வெட்டிய வாசல்

வெள்ளிக்கிழமை இரவானால் பொம்மசந்திரா தொழிற்பேட்டையின் முகமே மாறிவிடுகிறது. ஓசூர் சாலையோரம் வேன்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. ஷிப்ட் முடித்த இளைஞர்கள் முதுகுப் பையும் சுருட்டிய கூடாரமுமாக ஏறுகிறார்கள். கன்னடம், தெலுங்கு, இந்தியோடு தர்மபுரி, கிருஷ்ணகிரித் தமிழும் தாராளமாகக் காதில் விழுகிறது. 2025 ஆகஸ்டில் மஞ்சள் தட மெட்ரோ பொம்மசந்திரா வரை வந்தபிறகு நகரின் உட்பகுதியிலிருந்து வருகிறவர்களுக்கும் இது வசதியாகிவிட்டது. சிலர் ஊட்டிக்கும் சிலர் கோகர்ணாவுக்கும் போக, ஒரு கூட்டம் வடக்கே 280 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, விடிவதற்குள் ஒரு பாறை விளிம்பில் போய் உட்கார்ந்துவிட வேண்டும் என்று துடிக்கிறது. அந்த இடம் ஆந்திரத்தின் கடப்பா மாவட்டத்தில் உள்ள கண்டிக்கோட்டை.

பயண நிறுவனங்களின் விளம்பரத் தாள்களில் அதற்குப் பெயர் 'இந்தியாவின் கிராண்ட் கேன்யன்'. பாலைவனம் போல வறண்ட செம்பாறைப் பீடபூமி. அதை இரண்டாகப் பிளந்துகொண்டு ஓடும் ஆறு. ஆற்றின் இருபுறமும் சுவர் போல நிமிர்ந்து நிற்கும் கல். சூரியன் பள்ளத்தின் வாயிலிருந்து எழும்போது சாம்பல் நிறக் கல் முதலில் ஊதாவாகவும் பிறகு செங்கல் நிறமாகவும் மாறும். படம் எடுத்து அனுப்ப இதைவிடத் தோதான இடம் தென்னிந்தியாவில் அதிகம் இல்லை.

வேனில் போகிறவர்களில் பெரும்பாலோர் கவனிக்காத ஒரு விஷயம், அந்த வட்டாரத்தின் கல் ஏற்கெனவே அவர்கள் வீட்டுக்குள் இருக்கிறது என்பதுதான். பெங்களூரிலும் தமிழகத்திலும் வாடகைக் குடித்தனங்களின் சமையல் மேடை எதனால் ஆனது? அலமாரித் தட்டு எதனால் ஆனது? கடப்பா கல். ஜம்மலமடுகு, எர்ரகுண்ட்லா பக்கத்துச் சுரங்கங்களில் பலகை பலகையாகப் பெயர்த்து எடுக்கப்படும் கறுத்த சுண்ணாம்புக் கல் அது. கண்டிக்கோட்டையிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்ல முடியாது. ஆனால் அதே தாலுகாதான். சென்னையிலிருந்து மும்பைக்கு ரயிலில் போகிற தமிழர்கள் எர்ரகுண்ட்லாவிலும் முத்தனூரிலும் ஜன்னல் வழியாகப் பார்க்கிற வெள்ளைப் புழுதியும் சிமெண்ட் ஆலைப் புகைபோக்கிகளும் இந்தச் சுண்ணாம்புக் கல்லின் இன்னொரு பயன். அந்த ஸ்டேஷன்களில் இறங்கிப் பார்க்க வேண்டும் என்று பல தலைமுறைகளாக யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டாவது விஷயம் இன்னும் நெருக்கமானது. வேன் பெங்களூரைத் தாண்டியதும் இடதுபுறத்தில் இருட்டில் நந்தி மலை நிற்கும். உயரம் 1,478 மீட்டர். அதையொட்டிய சென்னகேசவக் குன்றில்தான் வட பெண்ணை பிறக்கிறது. தெலுங்கில் பென்னா, புராணப் பெயர் உத்தர பினாகினி. இதே குன்றுக் கூட்டத்தில் பிறக்கும் இன்னொரு ஆறு தட்சிண பினாகினி. அது பெங்களூரின் கிழக்கு விளிம்பைத் தொட்டுக்கொண்டு தெற்கே இறங்கி, ஓசூருக்கு அருகே தமிழகத்தில் நுழைந்து தென்பெண்ணை ஆகிறது. பாலாறும் இந்தப் பக்கத்துப் பிள்ளைதான். சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் 1892-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பட்டியலில் மூன்று ஆறுகளுமே உண்டு. சகோதரிகளில் ஒருத்தி தமிழ்நாட்டுக்கு வாக்கப்பட்டாள்; இன்னொருத்தி ராயலசீமைக்குப் போனாள். போன இடத்தில் ஒரு மலையை அறுத்தாள்.

அந்த மலைக்குப் பெயர் எர்ரமலை. தெலுங்கில் எர்ர என்றால் சிவப்பு. 'கண்டி' என்றால் உடைப்பு, திறப்பு, மலையைக் கிழித்துக்கொண்டு ஆறு வெளியேறும் வாசல். கோட்டைக்குப் பெயர் கொடுத்ததே ஆறு செய்த அந்த உடைப்புதான். மேற்கிலிருந்து வரும் வட பெண்ணை, புட்டபர்த்தி வழியாக வரும் சித்திராவதியைச் சேர்த்துக்கொண்டு, இந்தச் சந்தில் நுழைகிறது. சுவர்களின் உயரம் ஏறத்தாழ 300 அடி.

பாறை எந்தக் காலத்தது என்பதில் நிலவியல் அறிஞர்களுக்குள் இன்னும் வாதம் இருக்கிறது. நூறு கோடி ஆண்டுகள் என்பதே குறைந்த கணக்கு. அதைவிட மிகப் பழையது என்பவர்களும் உண்டு. எப்படி வைத்துக்கொண்டாலும், உலகில் விலங்கு என்று ஒன்று தோன்றுவதற்கு முன்பே கடலோர மணலாகப் படிந்து, இறுகிக் கல்லானது அது. சில பலகைகளில் அலை விட்டுச்சென்ற வரிகள் இன்னும் தெரிகின்றன. மீனோ நத்தையோ இருந்த தடயம் கிடையாது. அன்று அலையடித்த கரையில் பார்க்கக் கண் என்று எந்த உயிருக்கும் இல்லை. நிலவியல் வரைபடங்களில் இந்தக் கல்லுக்கே 'கண்டிக்கோட்டை குவார்ட்சைட்' என்றுதான் பெயர்.

பள்ளத்தின் அழகுக்குக் காரணம் இந்தக் கல்லின் பிடிவாதம். மென்மையான மண்பாறையாக இருந்திருந்தால் ஆறு அதைக் கரைத்து அகலமான சரிவாக்கியிருக்கும். குவார்ட்சைட் கரையாது, ஆனால் அதில் மேலிருந்து கீழாகவும் குறுக்காகவும் வெடிப்புகள் உண்டு. ஆறு அடியைக் குடைய, மேலே உள்ள கட்டி வெடிப்போடு பிரிந்து அப்படியே விழும். மிச்சம் நிற்பது செங்குத்துச் சுவர். விளிம்பில் பெரிய பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தது போலத் தெரிகிற பாறைகளெல்லாம் விழுவதற்கு முறை காத்திருப்பவை. அவற்றின் நுனியில் காலைத் தொங்கவிட்டுப் படம் எடுத்துக்கொள்கிறவர்களிடம் இதை யாராவது சொன்னால் நல்லது.

அரிசோனாவின் கிராண்ட் கேன்யன் 446 கிலோமீட்டர் நீளம். ஆழம் ஒரு மைலுக்கு மேல். அதோடு கண்டிக்கோட்டையை ஒப்பிடுவது திருவிழா யானையின் பக்கத்தில் கன்றுக்குட்டியை நிறுத்துகிற மாதிரி. இந்த ஒப்பீட்டால் கண்டிக்கோட்டைக்கு லாபம் எதுவும் இல்லை, நஷ்டம் உண்டு. அங்கே 1869-இல் ஒற்றைக் கையரான ஜான் வெஸ்லி பாவல் படகில் இறங்கியபோது அமெரிக்க அரசின் வரைபடத்தில் அந்தப் பகுதி வெற்றிடம். (அங்கே வெகுகாலமாக வாழ்ந்துவந்த ஹவாசுபாய் மக்களுக்கு அது வெற்றிடம் இல்லை. 1882-இல் அவர்களை 518 ஏக்கருக்குள் அடைத்தார்கள். சுமார் 1,85,000 ஏக்கரைத் திரும்பப் பெற 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.) கண்டிக்கோட்டையோ மனிதர்கள் விடாமல் புழங்கிய, சண்டையிட்ட, கட்டிய இடம். இன்றும் கோட்டைக்குள் ஒரு கிராமம் இருக்கிறது. வீடுகளுக்குப் பின்னால் ஜும்மா மசூதியும் தானியக் களஞ்சியமும், சற்றுத் தள்ளி மாதவராயர் கோயில் கோபுரமும். பள்ளத்தை மட்டும் பார்த்துவிட்டு வேன் ஏறுகிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள்.

கோட்டை 1123-இல் காக்கராஜன் என்ற சிற்றரசன் எழுப்பியது என்கிறது உள்ளூர் வரலாறு. கல்யாணிச் சாளுக்கியன் ஆகவமல்லனுக்கு அவன் அடங்கியவனாம். ஆகவமல்லன் 1068-இலேயே காலமாகிவிட்டான் என்பதால் இந்தக் கணக்கில் எங்கோ இடிக்கிறது. நிச்சயமாகச் சொல்லக்கூடியது விஜயநகரக் காலம். பெம்மசானி நாயக்கர்கள் என்ற கம்மவார் தளபதிக் குடும்பம் இங்கே இருந்தது. கிருஷ்ணதேவராயரின் போர்களில் பெம்மசானி ராமலிங்க நாயுடுவின் பெயர் பெரிது. 1565-இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் சாய்ந்து, ராயர்கள் பெனுகொண்டாவுக்கு ஒதுங்கிய பிறகும், இந்தக் கோட்டை முக்கால் நூற்றாண்டுக்கு மேல் தாக்குப் பிடித்தது. ஒரு பக்கம் ஆறு, மூன்று பக்கம் மலை. ஏறுவதற்குக் குறுகிய ஒரு வழி.

அதை உடைத்தவர் மீர் ஜும்லா. பாரசீகத்தில் எண்ணெய் வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்து, கோல்கொண்டாவில் வைர வியாபாரத்தில் செழித்து, சுல்தானின் சேனாதிபதியான மனிதர். வஞ்சகத்தால்தான் கோட்டை விழுந்தது என்பது ராயலசீமைக் கதை; தோற்ற எல்லாக் கோட்டைகளுக்கும் இப்படி ஒரு கதை இருக்கும். நல்லவேளையாக, கோட்டை பிடிபட்ட சூட்டோடு ஒரு வெளிநாட்டுச் சாட்சி அங்கே போய்ச் சேர்ந்தார். ழான் பாப்திஸ்த் தவர்னியே, பிரெஞ்சு நகை வியாபாரி. 1652 செப்டம்பரில் முத்தும் மணியும் விற்க வந்தவர்.

தவர்னியே கொடுக்கும் சித்திரம் எந்தச் சரித்திர நாவலாசிரியனும் பொறாமைப்படத் தக்கது. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் அதலபாதாளம். சில இடங்களில் ஏழெட்டடிதான் அகலம். அப்படி ஒரு பாதையில் ஏறிப் போனால், மேலே ஊற்றுநீர் பாய்ந்து நெல்லும் தினையும் விளைந்துகொண்டிருக்கின்றன. கூடாரத்தில் மீர் ஜும்லா வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கிறார். இடது கை விரல்களுக்கு இடையிலும் கால் விரல்களுக்கு இடையிலும் கடிதங்களைச் செருகி வைத்திருக்கிறார். ஒன்றைக் கையிலிருந்தும் ஒன்றைக் காலிலிருந்தும் உருவி, படித்து, இரண்டு எழுத்தர்களுக்கு ஒரே நேரத்தில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். நடுவில் குற்றவாளிகளைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். கையை வெட்டு, காலை வெட்டு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மறுபடி கடிதம்.

பீரங்கிக் கதை இன்னும் விசேஷம். புதிய பீரங்கிகள் வார்க்கும் பொறுப்பை மீர் ஜும்லா மையே என்ற பிரெஞ்சுக்காரரிடம் விட்டிருந்தார். செம்புக்கு எங்கே போவது? சுற்றுவட்டாரக் கோயில்களின் விக்கிரகங்களைத் திரட்டினார்கள். எல்லாம் உருகின, கண்டிக்கோட்டைக் கோயிலின் ஆறு விக்கிரகங்களைத் தவிர. எவ்வளவு செலவழித்தும் அந்த ஆறும் உருகவில்லை. பூசாரிகள் சூனியம் வைத்துவிட்டார்கள் என்று நவாப் மிரட்டினார். உலை சரியில்லையா, உலோகக் கலவை வேறா, மையேக்குத் தொழில் தெரியாதா? கடைசிச் சந்தேகத்துக்கு இடம் உண்டு. உருப்படியாக ஒரு பீரங்கிகூட அந்த உலையிலிருந்து வரவில்லை. சில ஆண்டுகளில் மீர் ஜும்லா கோல்கொண்டாவைக் கைவிட்டு மொகலாயர் பக்கம் தாவினார், ஔரங்கசீபுக்காகப் போரிட்டார், வங்காளத்தின் சுபேதார் ஆனார், அஸ்ஸாம் படையெடுப்பில் உடல் கெட்டு 1663-இல் இறந்தார். இன்று மாதவராயர் கோயிலில் சிற்பத் தூண்கள் இருக்கின்றன. கருவறையில் தெய்வம் இல்லை.

கோட்டை விழுந்ததின் அதிர்வு தமிழ்நாடு வரை வந்தது. விஜயநகரக் காலத்திலும் அதன் பிறகும் தெலுங்குக் குடும்பங்கள் தெற்கே நகர்ந்துகொண்டே இருந்தன. நெல்லைச் சீமையில் குருவிகுளம் ஜமீன் தன் பூர்வீகமாகச் சொல்லிக்கொள்வது பெம்மசானி வம்சத்தை. கோவில்பட்டிப் பக்கத்துக் கம்மவார்கள் வந்த கதைக்கு எழுத்து வடிவம் கொடுத்தது கி.ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976). ஜம்மலமடுகு சமவெளி முழுக்கக் கரிசல். தெலுங்கில் அதற்கு ரேகடி என்று பெயர். அந்த மண்ணை விட்டு வந்தவர்கள் தெற்கே அதே மண் கண்ட இடத்தில் ஏர் பூட்டியதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. கரிசலின் குணம் தெரிந்த கைகள் அவை. 1800-இல் நிஜாம் இந்த மாவட்டங்களைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தாரை வார்த்ததிலிருந்து 1953 வரை கடப்பாவும் திருநெல்வேலியும் ஒரே சென்னை மாகாணத்தில்தான் இருந்தன.

வறட்சி இந்தச் சீமையின் நிரந்தர விருந்தாளி. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் கொட்டித் தீர்த்துவிட்டு இங்கே வெறுங்கையோடு வருகிறது. வடகிழக்குப் பருவமழை நெல்லூர்க் கரையில் பெய்துவிட்டு, கிழக்கு மலைகளைத் தாண்டுவதற்குள் களைத்துவிடுகிறது. பக்கத்து அனந்தபூரில் ஆண்டு மழை 550 மில்லிமீட்டர் அளவுதான். இப்படிப்பட்ட முள்புதர்க் காட்டில் மட்டுமே வாழத் தெரிந்த ஒரு பறவை உண்டு. தெலுங்கில் கலிவி கோடி. ஜெர்டன் என்ற சென்னை ராணுவ மருத்துவர் 1848-இல் குறித்து வைத்தது. 1900-க்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. அழிந்துவிட்டது என்றே முடிவு கட்டினார்கள். 1986-இல் இதே கடப்பா மாவட்டத்து லங்கமலையில் அது மறுபடி அகப்பட்டது. 2005-இல் தெலுங்கு கங்கைக் கால்வாய் வேலைக்காக அதன் புதர்க்காட்டுக்குள்ளேயே மண்வாரி இயந்திரங்கள் நுழைந்து, எதிர்ப்பு எழுந்த பிறகு கால்வாயின் பாதை மாற்றப்பட்டது. சென்னைக்குக் குடிநீர் கொண்டுவருவதும் தெலுங்கு கங்கைத் திட்டம்தான்.

தண்ணீர் பேச்சு வந்துவிட்டதால், கண்டிக்கோட்டை விளிம்பிலிருந்து கீழே தெரிகிற பச்சைத் தண்ணீரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பயணிகள் அதைப் பெண்ணை ஆறு என்று எண்ணி ரசிக்கிறார்கள். பள்ளத்துக்குக் கீழே மயிலவரம் அணை. மேலே கண்டிக்கோட்டை அணை. இரண்டுக்கும் நடுவில் தேங்கி நிற்பதுதான் அந்த நீர். கண்டிக்கோட்டை அணையின் கொள்ளளவு 26.85 டி.எம்.சி. அதை நிரப்ப வருவது முக்கியமாகக் கிருஷ்ணா நீர். ஸ்ரீசைலத்திலிருந்து காலேரு-நகரி கால்வாய் வழியாக மலை குடைந்து கொண்டுவரப்படுகிறது. பள்ளத்தை வெட்டியது ஒரு ஆறு. இன்று அங்கே நிற்பதில் பெரும்பங்கு இன்னொரு ஆற்றின் நீர்.

ராயலசீமைக்குத் தண்ணீர் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. குடிக்கவும் விதைக்கவும் வழியில்லாமல் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் ஆள் அனுப்பிய பூமி அது. ஆனால் அணை நிரம்ப யாரோ எழுந்து போக வேண்டியிருந்தது. கொண்டாபுரம் பக்கத்தில் இருபதுக்கு மேற்பட்ட ஊர்கள் நீர்ப்பிடிப்பில் வந்தன. 2020-இல் அணையில் அதிக நீரைத் தேக்க முடிவானபோது, நிவாரணம் முழுதாகக் கைக்கு வராமல் வீட்டைக் காலி செய்யமாட்டோம் என்று தாள்ளப் பிரொத்துட்டூர் மக்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். வீட்டு வாசலுக்குத் தண்ணீர் வந்த பிறகு அவர்கள் போனார்கள். சுற்றுலாக் கையேடுகளில் அந்த ஊரின் பெயர் இல்லை. மத்திய அரசு 2024-இல் கண்டிக்கோட்டைச் சுற்றுலா மேம்பாட்டுக்கு ஏறத்தாழ 78 கோடி ரூபாய் ஒதுக்கியது. பள்ளத்தின் இந்த விளிம்பில் காட்சிமேடைகளும் விடுதிகளும் அமையும்போது, சில கிலோமீட்டர் தள்ளி மூழ்கிய ஊர்களுக்கு ஒரு பெயர்ப்பலகையாவது வைப்பது பெரிய செலவாகாது.

அமெரிக்காவோடு ஒப்பிட்டே ஆகவேண்டும் என்றால் பொருத்தமான ஒப்பீடு இங்கேதான் கிடைக்கிறது. கிராண்ட் கேன்யனுக்கு மேலே, அதே கொலராடோ ஆற்றில், கிளென் கேன்யன் என்று ஒரு பள்ளத்தாக்கு இருந்தது. பெரிய அக்காளைவிட அழகானது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். 1963-இல் அணை மதகுகளை மூடி அதை மூழ்கடித்தார்கள். நீண்ட வறட்சியில் 2023 தொடக்கத்தில் அந்த நீர்த்தேக்கம் கால் பங்குக்கும் கீழே போனது; ஐம்பது, அறுபது ஆண்டுகளாகத் தண்ணீருக்குள் கிடந்த வளைவுகளும் கிளைப் பள்ளங்களும் சேறு பூசிய முகத்தோடு வெளியே வந்தன. கொலராடோ இப்போது பெரும்பாலான ஆண்டுகளில் கடலைப் போய்ச் சேருவதில்லை.

வட பெண்ணைக்கு என்ன ஆயிற்று? நந்தி மலை அடிவாரத்தில் சிக்கபள்ளாபுரா வட்டாரம் ஏரிகளை நம்பி வாழ்ந்தது. பிறகு ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. 1,000 அடிக்குக் கீழே போயும் தண்ணீர் கிடைக்காத கிணறுகள் அங்கே சாதாரணம். ஆறு பிறக்கும் இடத்திலேயே ஊற்று வற்றியது. அதற்குக் கண்டுபிடித்த மாற்று, பெங்களூரின் சாக்கடை நீரைச் சுத்திகரித்து, குழாயில் ஏற்றி, ஏரிகளை நிரப்புவது. கோலாருக்கு 2018-இல் இப்படி நீர் போனது, அடுத்து சிக்கபள்ளாபுராவுக்கு. நிலத்தடி நீர் உயர்ந்தது என்கிறது அரசு. இரண்டு கட்டச் சுத்திகரிப்பு போதாது, மூன்றாவதும் வேண்டும் என்று விவசாயிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

தெற்கே வந்த சகோதரியின் கதை பொம்மசந்திராவில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்தத் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஏரிகளின் வடிகால் ஒன்றிலிருந்து ஒன்றாக இறங்கித் தட்சிண பினாகினியில் சேர்கிறது. பக்கத்துச் சந்தாபுரா ஏரியைப் பாழாக விட்டதற்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022-இல் கர்நாடக அரசை 500 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. எல்லையைத் தாண்டி ஓசூர் கெலவரப்பள்ளி அணையில், மதகு திறக்கும் நாட்களில் வெள்ளை நுரை ஆள் உயரத்துக்குக் கிளம்புகிறது. அதே நீர்தான் கீழே வயலுக்கும் போகிறது. கண்டிக்கோட்டைக்குப் போகும் வேனில் ஏறுகிற கிருஷ்ணகிரிப் பிள்ளைகளில் பலரின் வீட்டு வயல்கள் அந்தப் பாசனத்தில் இருக்கலாம்.

வட பெண்ணை செத்துவிட்டது என்று தீர்ப்பெழுதுவது சுலபம். ஆறு அதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை. 2021 நவம்பரில் ராயலசீமையில் பெய்த பேய்மழையில் அதன் துணையாறு செய்யேறு பெருகி, 19-ஆம் தேதி அன்னமய்யா அணையை உடைத்துக்கொண்டு போனது. கரையோர ஊர்களில் பலர் இறந்தார்கள். வட பெண்ணை, 597 கிலோமீட்டர் ஓடிக் கடலைச் சேரும் நெல்லூர் அருகே, கரை கொள்ளாமல் பாய்ந்தது. படுகுபாடு என்ற இடத்தில் ரயில் பாதைக்கு அடியில் இருந்த மண் அரித்துப் போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. சென்னை-விஜயவாடா தடத்தில் ரயில்கள் ரத்தாயின.